பதில் தெரிந்த மென்பொருள்

டைப்பிங் அக்கா தான் தட்டும் எதையும் படிப்பதில்லை. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், ஆய்வேடு, மன்னிப்புக் கடிதம் என்று எது வந்தாலும் கண் கையெழுத்தைப் பார்க்கும், விரல் தட்டும், மனம் மட்டும் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போயிருக்கும்.

“நேத்து அந்த மூலை வீட்டுக்காரர் என்னமோ அடிக்கக் குடுத்தாரே, என்ன அக்கா அது?” என்று யாராவது வாயைக் கிளறினால், “எனக்கென்ன தெரியும், நான் படிக்கறதில்லையே” என்பாள்.

அது உண்மையும்கூட. இதை நேர்மை என்று சொல்லிவிடலாம். ஆனால் நெடுநாள் பழக்கமும் வெளியிலிருந்து பார்க்க நேர்மை மாதிரியேதான் இருக்கும். எது எதுவென்று அவளுக்கே சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வந்ததில்லை.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம் தன் கேள்வித்தாள்களை அவளிடம் கொடுத்துவந்தது. மற்ற வேலைகள் வரும், போகும். பள்ளிக்கூட வேலைதான் அவளுக்கு நிலையானது. முன்னறையில் அவள் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள்; உள்ளே வருகிறவர்களுக்குத் திரையின் பின்புறம்தான் தெரியும். வேலை முடிந்ததும் பென் டிரைவ் தையல் பெட்டிக்குள் போய்விடும். பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் அவள் கணவர்கூட, தேர்வு நாட்களில் அந்தப் பக்கம் எதையாவது எடுக்கப் போனால், தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் போவார்.

இப்படி இருந்த வீட்டுக்குள் ஒரு புது இயங்குதளம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது கொழுந்தன். கணவரின் தம்பி, கடைவீதியில் கணினி பழுதுபார்ப்பவன்.

“இந்தப் பழசுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது, பூட்டு செஞ்ச கம்பெனியே கையை விரிச்சுட்டான் அண்ணி. இனிமே உங்க பூட்டுக்குச் சாவி திருடன்கிட்ட மட்டும்தான் இருக்கும்” என்று சொல்லி, பழைய இயங்குதளத்தைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். திருடன் என்ற சொல் அக்காவை அசைத்துவிட்டது. தலையாட்டினாள்.

ஏற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் இத்தனை வருடம் தட்டிவந்த எழுத்து மென்பொருள் இந்தப் புது இயங்குதளத்தில் உட்காராது என்பது.

“உட்காராதுன்னா?”

“உட்காராது அண்ணி. அது அந்தக் காலத்து ஆளு. இது வேற வீடு.”

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா தம்பி? வீட்டை இடிச்சுட்டு வந்து, உன் கட்டில் புது வீட்டு வாசல்ல நுழையாதுங்கறியே!”

“வேற கட்டில் தர்றேன். மூணு இருக்கு. படுத்துப் பார்த்துட்டு எது சுகமோ அதை வெச்சுக்கங்க.”

மூன்றுக்கும் நீளமான பெயர்கள் இருந்தன. அக்கா தன் வசதிக்குப் பெயர் வைத்துக்கொண்டாள். வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டியது சந்தா. காசு கேட்காதது இனாம். இணையத்தில் மட்டுமே திறப்பது ஆகாயம்.

வேறு சமயமாக இருந்தால் ஆற அமர மூன்றிலும் புரண்டு பார்த்திருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிவியல் கேள்வித்தாளைக் கொடுத்தாக வேண்டும். போன வாரமே பழைய மென்பொருளில் அடித்தது; தலைமையாசிரியை இரண்டு சின்னத் திருத்தம் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லும்போது கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

“இப்பல்லாம் எங்க ஆசிரியர்களே டைப் பண்றாங்க. வெளியில எதுக்குக் குடுக்கணும்னு கேக்கறாங்க. நான்தான் உங்களுக்காகப் பேசிட்டு இருக்கேன். இந்தத் தடவை எந்தக் குறையும் இல்லாம வந்துட்டா என் வாய்க்குப் பலம்.”

அந்தப் பலத்தைத்தான் அக்கா இப்போது மூன்று அந்நியர்களில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், உதவிக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தும் திரையைக் காட்ட முடியாது. கொழுந்தனின் மகள் அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில் படிக்கிறாள். திங்கட்கிழமை எழுதப்போவதே இந்தக் கேள்வித்தாளைத்தான்.

ஆகவே முதலில் போன வருடத்துக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்து மூன்றிலும் திறந்து பார்த்தாள். தேர்வு முடிந்த தாள். இனி யார் பார்த்தாலும் அதில் களவாட ஒன்றுமில்லை. சந்தாவிலும் ஆகாயத்திலும் தாள் அச்சு அசலாகப் பழையபடியே வந்து நின்றது. இனாமில் மட்டும், ‘பொருத்துக’ பகுதியில் வலது பக்கத்து வரிசை ஒரு வரி மேலே ஏறிக்கொண்டது.

அப்படியானால் இனாமைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

“ஏன் தம்பி, இந்த ஆகாயத்துல அடிச்சா அந்தத் தாள் எங்க இருக்கும்?”

“ஆன்லைன்ல இருக்கும்.”

“அது எங்க?”

“எங்கயோ ஒரு பெரிய கட்டடம் அண்ணி. ஏசி போட்டு, காவல் போட்டு வெச்சிருப்பாங்க.”

“யாரோட கட்டடம்?”

“அது எதுக்கு உங்களுக்கு? உங்க தையல் பெட்டியைவிடப் பத்திரம்.”

“என் தையல் பெட்டிக்கு நான்தான் காவல். அங்க யாரு காவல்னு எனக்குத் தெரியாதே! சரி, சந்தா?”

“அது உங்க மெஷின்லதான். ஆனா நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அதுவும் மேல ஒரு காப்பி அனுப்பிடும். நல்லதுக்குத்தான்.”

“ஒண்ணும் சொல்லலைன்னா அனுப்பிடுமா? நான்தான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்லையே!”

அவன் தலையைச் சொறிந்தான். அதை நிறுத்த வழி உண்டு என்றான்; எங்கே என்று தேடியபோது அது போன பதிப்பில் இருந்த இடத்தில் இல்லை. தன் மேசையில் இருக்கும் ஒரு தாள் அதே நேரத்தில் முன்பின் தெரியாத கட்டடத்திலும் இருக்கும் என்பதை அக்காவின் புத்தி ஏற்க மறுத்தது. ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும் என்று நம்பித்தான் மனிதர்கள் பெட்டி செய்தார்கள், பூட்டும் செய்தார்கள். ‘எங்கே’ என்ற கேள்வியே பொருளற்றுப் போகிற இடத்தில் அவளுக்கு நிற்கத் தெரியவில்லை.

கணவரிடம் கேட்டாள். “எது திறக்குதோ அதை வெச்சுக்க” என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

“மூணும்தான் திறக்குது.”

“அப்ப எது மூடுதோ அதை வெச்சுக்க.”

கேலியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. மூடத் தெரிந்தது இனாம் ஒன்றுதான்; அது மட்டும்தான் எங்கும் காப்பி அனுப்பாமல் தாளை அவள் கணினியிலேயே வைத்திருக்கும். இந்த வருடத்துத் தாளை அதில் மட்டும் திறந்தாள்.

திருத்தங்கள் இரண்டும் நொடியில் முடிந்தன. ஆனால் ‘பொருத்துக’ இங்கேயும் அதே சேட்டையைச் செய்திருந்தது. வலது பக்கத்து முதல் வரி தலைப்புக்குப் பக்கத்தில் ஏறி, யாருக்கும் சொந்தமில்லாதது போல நின்றது. அதை எதற்கு நேராக இறக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் படித்தாக வேண்டும். தலைமையாசிரியையின் கையெழுத்துப் பிரதி, போன வாரம் அடித்து முடித்ததுமே பள்ளிக்குத் திரும்பிப் போயிருந்தது.

அக்கா படித்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, ஒரு கேள்வித்தாளை ஒரு மாணவி மாதிரிப் படித்தாள்.

இடது பக்கம் இதயம். அதற்கு நேராக இரத்த ஓட்டம். நுரையீரலுக்கு நேராகச் சுவாசம். இரைப்பைக்கு நேராகச் செரிமானம். சிறுநீரகத்துக்கு நேராகக் கழிவு நீக்கம். கடைசியில் தோல், அதற்கு நேராக ஒன்றுமில்லை. மேலே அனாதையாக நின்றது ‘தொடு உணர்வு’.

அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அவளுக்கே இதற்கெல்லாம் பதில் தெரியும். எல்லாமே சரியாக இருந்தன. கேள்வித்தாள் தனக்குத்தானே விடை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பழைய தாள்களை ஒவ்வொன்றாக இனாமில் திறந்தாள். விலங்குகளும் அவற்றின் குட்டிகளும், உலோகங்களும் அவற்றின் பயன்களும், கோள்களும் அவற்றின் குணங்களும், எல்லாம் ஒரு வரி மேலே ஏறி, தத்தம் துணைகளின் பக்கத்தில் ஒட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு அனாதை; கீழே துணையில்லாத ஒருவர்.

கொழுந்தன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தான். மகள் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வராத! அங்கயே நில்லு. சுவரைப் பார்த்துத் திரும்பு!”

“என்னது இது, என்னை ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி...” என்று முனகிக்கொண்டே திரும்பி நின்றான்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. இந்த இனாமுக்குப் பதில் தெரியுமா?”

“என்ன பதில்?”

“ஏதோ ஒரு பதில்.”

“எதுக்கு?”

“ஏதோ ஒரு கேள்விக்கு.”

சுவரைப் பார்த்து நின்ற முதுகு குலுங்கியது. “சிரிக்கலை அண்ணி. இருமல்.”

“எழுத்துப்பிழை இருந்தா அடியில செவப்புக் கோடு போடுதில்ல? அது மாதிரி, தப்பா இருந்தா எடுத்துச் சரியான இடத்துல வெக்குமான்னு கேக்கறேன். அதுக்குத் தெரிஞ்சு வெக்குதா, தெரியாம வெக்குதா?”

“அதுக்கு அவ்வளவெல்லாம் அறிவு இல்ல அண்ணி. இருந்தா இனாமா வருமா?”

“அப்ப எப்படி எல்லாம் சரியா...” என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எல்லாம் ஒரு வரி மேல ஏறுது.”

“வயித்து வலின்னு சொல்றீங்க, வயித்தைக் காட்ட மாட்டேங்கறீங்க. நான் எப்படி மருந்து குடுக்க? சரி, மேல பட்டன் வரிசையில திரும்பி நிக்கற பி மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அமுக்குங்க. கண்ணுக்குத் தெரியாம நீங்க என்னென்ன தட்டியிருக்கீங்களோ எல்லாம் தெரியும்.”

அமுக்கினாள். வெறும் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் குறிகளால் நிரம்பியது. ஒரு சொல்லை நகர்த்த அவள் தட்டிய இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக, எறும்பு வரிசை போல ஓடியது. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துவிட்டு, இடது வரிசையிலிருந்து வலது வரிசைக்குப் போக அவள் எப்போதுமே என்டரைத் தட்டிக்கொண்டே போவாள், கர்சர் அந்தப் பக்கம் குதிக்கும்வரை. அத்தனை என்டரும் ஏணிப்படி மாதிரி அடுக்கி நின்றன.

“நிறைய குறி வருதா?”

“வருது.”

“அதான் உங்க வியாதி. நீங்க என்டரைத் தட்டித் தட்டி முட்டுக் குடுத்திருக்கீங்க. பழைய ஆளு ஒரு வரிக்கு ஒரு உயரம் குடுப்பான், இவன் வேற உயரம் குடுப்பான். முட்டு ஒண்ணு குறைஞ்சா வரிசை மேல ஏறும். மத்தபடி பதிலும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. டேபிள் போட்டு அடிங்க, எங்கயும் நகராது. நான் திரும்பலாமா?”

“அப்படியே வெளிய போ.”

அவன் போனபின் அக்கா ஒரு என்டர் தட்டினாள். வரிசை இறங்கியது, இதயத்துக்கு நேராகத் தொடு உணர்வு. பழையபடி கேள்வித்தாள். தட்டியதை அழித்தாள். வரிசை ஏறியது, விடைத்தாள். தட்டினாள், அழித்தாள்.

மென்பொருளுக்குப் பதில் தெரியாது என்பது இப்போது புரிந்தது. அது புரிந்ததும் குழப்பம் தீரவில்லை, இடம்தான் மாறியது. ஒரு வரி ஏறினால் எல்லாம் பொருந்துகிறது என்றால், முதலிலேயே அவை ஒரு வரிதான் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசி விடையைத் தூக்கி முதலில் வைத்ததோடு கலைத்த வேலை முடிந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு தாளிலும். அந்தப் பகுதியை எழுதுகிறவர் தலைமையாசிரியை. அறிவியல் அவருடைய பாடம். எத்தனையோ பிள்ளைகள் இதற்குள் இதைக் கண்டுபிடித்திருப்பார்களே!

ஒரு என்டர் தட்டினால் வேலை முடிந்தது. குறையில்லாத தாள். தலைமையாசிரியையின் வாய்க்குப் பலம். சொன்னால்? ‘நீங்க படிச்சீங்களா?’ என்று கேட்பார். படிக்காதவள் என்றுதானே அவளிடம் கொடுக்கிறார்கள். போதாததற்குக் கொழுந்தன் மகள் அந்த வகுப்பில். சொல்லாமல் விட்டால், படித்துவிட்டுப் படிக்காதவள் மாதிரி இருக்க வேண்டும். முன்பு அவளிடம் இருந்தது தெரியாமை. இனி அதே இடத்தில் இருக்கப்போவது மௌனம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் காலை இரண்டு விதமாகவும் அச்செடுத்து, மடித்து, உறையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். எதைக் கொடுப்பது என்று வாசல்வரை முடிவாகவில்லை.

தலைமையாசிரியையின் அறையில் மின்விசிறி காகிதங்களைக் கிளப்பாத வேகத்தில் சுற்றியது. “உக்காருங்க. புது மெஷின்னு கேள்விப்பட்டேன். எல்லாம் சரியா வந்துச்சா?”

அக்காவின் கை உறைக்குள் போய் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டது. முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. பயந்த கை ஒன்றைப் பிரித்து எடுக்கத் தெரியாமல் இரண்டையும் எடுத்தது. ஆனாலும் இரண்டும் மேசைக்கு வந்துவிட்டன.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு எப்பவும் போல, டீச்சர். இன்னொண்ணு... புது மென்பொருள்ல தானா வந்தது.”

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். சரி என்பது போலத் தலையாட்டினார். இரண்டாவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பென்சிலை எடுத்து, தொடு உணர்விலிருந்து தோல்வரை ஒரு கோடு இழுத்தார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.” அப்புறம், தன்னைக் காப்பாற்ற அல்ல, நடந்தது அதுதான் என்பதால் சேர்த்துக்கொண்டாள்: “மேல ஒண்ணு தனியா நின்னுச்சு டீச்சர். எங்க வெக்கறதுன்னு தெரியலை. அதனால.”

“பழைய தாள்லயும் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். எல்லாம் இப்படித்தான்.”

மணி அடித்தது. வெளியே வகுப்புகள் மாறும் சத்தம் எழுந்து அடங்கியது.

“எந்தப் பகுதியில மார்க் போனாலும், பொருத்துகல மட்டும் எங்க பிள்ளைங்க முழுசா வாங்கிடுவாங்க” என்றார் தலைமையாசிரியை. “நான் அதை நல்லா நடத்தறேன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

“நானும் எல்லாத்தையும் என்டர் தட்டியேதான் நகர்த்திட்டு இருந்திருக்கேன் டீச்சர். நேத்துதான் தெரிஞ்சது” என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, ஒப்புக்கொண்டாளா என்று அவளுக்கே தெளிவில்லை.

தலைமையாசிரியை பென்சிலால் வலது வரிசையின் பக்கத்தில் எண்கள் போட்டு, அழித்து, வேறு எண்கள் போட்டார். இந்தமுறை உண்மையாகவே கலைத்தார்.

“எந்த மென்பொருள்ல இப்படி வந்துச்சு?”

“காசு கேக்காதது. மத்த ரெண்டுலயும் போன வருஷத்துத் தாளைத் திறந்து பார்த்தேன். எப்பவும் போலவே இருந்துச்சு.”

“எது சரின்னு நெனக்கறீங்க? எப்பவும் போல காட்டினதா, மாத்திக் காட்டினதா?”

“மாத்திக் காட்டினது தப்புங்க, டீச்சர். ஆனா அந்தத் தப்பு இல்லைன்னா...” பென்சில் கோட்டைப் பார்த்தாள். “தெரியலைங்க.”

“எனக்கும் தெரியலை. அதையே வெச்சுக்கங்க.” பென்சிலைக் கீழே வைத்தார். “ஆசிரியர்கள்கிட்ட நான் பேசிக்கறேன், வேலை உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே அடிச்சு முடிச்சதும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.”

அக்கா எழுந்தவள் நின்றுவிட்டாள். “நான் படிக்க மாட்டேன்னுதானே டீச்சர் என்னை நம்பிக் குடுத்தீங்க?”

“ஆமா” என்றார் தலைமையாசிரியை. “இப்ப படிச்சுட்டுச் சொல்லாம இருப்பீங்கன்னு நம்பிக் குடுக்கறேன்.”

முன்னதைவிட இது பெரிய நம்பிக்கையா, பெரிய சுமையா என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள். இனாமில் டேபிள் போட்டு, கலைத்த வரிசையை அடித்தாள். எங்கும் எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. முடித்ததும் ஒரு தடவை படித்தாள். கண்ணும் விரலும் முன்பு போல ஒத்துழைக்கவில்லை. மனம் அடுப்புப் பக்கம் போகாமல் சொற்களுக்கு நடுவிலேயே இடறிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

தேர்வு முடிந்த மாலை கொழுந்தன் வந்தான். பழக்க தோஷத்தில் வாசலிலேயே சுவரைப் பார்த்து நின்றான்.

“திரும்பலாம், இன்னிக்கு ஒண்ணுமில்ல.”

“எந்தக் கட்டில் அண்ணி கடைசியில?”

“இனாம்.”

“அதுவா! மேல ஏறுது, கீழ இறங்குதுன்னீங்களே?”

“இப்ப ஏறலை.”

நாற்காலியில் சாய்ந்தான். “பொண்ணு வீட்டுல உர்ருன்னு உக்காந்திருக்கா. பொருத்துகல கோட்டை விட்டுட்டாளாம். எப்பவும் அதுலதான் முழு மார்க்கு வாங்குவா. இந்தத் தடவை என்னமோ தலைகீழா மாத்தி வெச்சுட்டாங்களாம். க்ளாஸே புலம்புதாம்.” சட்டென்று அவளைப் பார்த்தான். “நீங்கதானே அடிச்சீங்க? என்ன அண்ணி ஆச்சு?”

அக்கா திரையைப் பார்த்தாள். திரும்பி நிற்கும் பி பொத்தான் இன்னும் அமுங்கியே இருந்தது. வெற்றிடமெல்லாம் குறிகளாகத் தெரிந்தன.

“எனக்கென்ன தெரியும்” என்றாள். அடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. “நான் படிக்கறதில்லையே.”